ஹோஸ் எப்போது விறைக்கிறது

என்ஜின் ஆறிக் கிடக்கும் விடிகாலைதான் ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சரியான நேரம். சூட்டில் திறந்தால் கை வெந்துபோகும் என்பது ஒரு காரணம். பழைய வண்டி அந்த நேரத்தில் மட்டுமே சொல்கிற ஒரு சேதி இருக்கிறது என்பது இன்னொரு காரணம். நல்ல நிலையில் உள்ள என்ஜினில் ராத்திரி தண்ணீர் ஆறிச் சுருங்கியிருக்கும். அழுத்தம் எதுவும் மிஞ்சியிருக்காது. மூடியைத் திருகும்போது உள்ளிருந்து லேசாக இழுத்துப் பிடிக்கலாம், அவ்வளவுதான். ஆறிய என்ஜினில் மூடியைத் தளர்த்தியதும் புஸ்ஸென்று காற்று வெளியேறினால் கவனிக்க வேண்டும். சூடு கொடுத்த அழுத்தம் சூட்டோடு போய்விடும். சூடு போன பிறகும் நிற்கிறதென்றால் அது சிலிண்டரில் எரிந்த வாயு. போகக்கூடாத வழியில் தண்ணீருக்குள் புகுந்து, ராத்திரி முழுக்க அங்கேயே அடைந்து கிடந்திருக்கிறது.

வண்டி கொதிக்கிறது என்றதும் எல்லாரும் 'எவ்வளவு' என்றுதான் கேட்கிறார்கள். எவ்வளவு சூடு ஏறியது, எவ்வளவு தண்ணீர் குறைந்தது, எத்தனை பவுண்டு மூடி போட்டிருக்கிறது. எனக்கு 'எப்போது' என்ற கேள்வியில்தான் நம்பிக்கை. அழுத்தம் எப்போது வருகிறது, எப்போது போகிறது, வரவேண்டிய நேரத்தில் வராமல் இருக்கிறதா. காசு செலவில்லாமல், மேல் ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்தே இதில் பாதியைத் தெரிந்துகொள்ளலாம்.

*

அழுத்தத்தை ஒரு நோயாக நினைப்பவர்கள் உண்டு. கார் ரேடியேட்டரில் அழுத்தம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. கடல்மட்டத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு கூடுதல் அழுத்தத்தில் அடைத்துவைத்தால் 111 டிகிரி வரை கொதிக்காது. வீட்டுக் குக்கர் வேலை செய்வதும் இப்படித்தான். 1679இல் தெனி பாப்பன் எலும்பை வேகவைக்கச் செய்த பாத்திரம்தான் குக்கருக்கு முன்னோடி. அதற்கு ஒரு பாதுகாப்பு வால்வும் அவரே வைத்தார். ரேடியேட்டர் மூடியின் அடியில் இருக்கும் ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் அந்த வால்வின் வழி வந்தவை.

கொதிக்காமல் இருப்பது ஏன் முக்கியம்? தண்ணீராக இருக்கும்வரை அது இரும்பைத் தொட்டுச் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். ஆவிக் குமிழியாக மாறிவிட்டால் அந்த இடத்தில் இரும்பைத் தொட ஆளில்லை. எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியுள்ள இடங்களில்தான் இது முதலில் நடக்கும். கேஜ் முள் இன்னும் நடுவில் நிற்கும்போதே ஹெட்டுக்குள் ஓரிடம் காய்ந்து தகித்துக்கொண்டிருக்கலாம். அழுத்தம் அந்தக் குமிழிகளை எழவிடாமல் அமுக்கி வைக்கிறது. ஆகவே பழைய வண்டியில் அழுத்தம் நிற்கவில்லை என்பது, அழுத்தம் கூடிவிட்டது என்பதைவிடக் குறைந்த கோளாறு இல்லை. ஆனால் சத்தமில்லாத கோளாறு. ஹோஸ் வெடித்தால் ஊரே பார்க்கும். மூடியின் ரப்பர் இற்றுப்போனதை யாரும் பார்ப்பதில்லை.

*

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஓர் அம்பாசடர் இருக்கிறது. 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் உள்ள பழைய மாடல். பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. 1950களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்து, மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 2014 மே மாதம் வரை செய்யப்பட்ட குடும்பம் அது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோவைக்குச் சமதரையில் போய்வர எந்தத் தொந்தரவும் இல்லை. குன்னூர் ஏறினால் மட்டும் பர்லியாறு தாண்டியதும் கொதிக்கிறது. ஓரங்கட்டி, ஆறவைத்து, தண்ணீர் ஊற்றி, மறுபடி கிளம்ப வேண்டும்.

கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில்தான் கிடைத்தது: "ஹெட் கேஸ்கெட் போயிருக்குமுங்க. ஹெட்ட எறக்கிப் பாத்தரலாம்." பெரியவர் எந்தப் பட்டறையிலும் வண்டியை விடவில்லை. ஹெட்டை இறக்குவது பெரிய காரியம். பழைய வார்ப்பிரும்பில் துருவேறிய ஸ்டட் ஒடிந்தால் அதை எடுப்பது தனி வேலை. இறக்கிய பிறகு லேத்தில் ஃபேசிங் செய்யச் சொல்வார்கள். கேஸ்கெட் நன்றாகவே இருந்திருந்தாலும், இறக்கிய பின் அது கெட்டிருந்ததா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாமல் போகும். இறக்கும்போதே அது கிழிந்துவிடுகிறது. சந்தேகத்தைத் தீர்க்கச் செய்த வேலையே சாட்சியை அழித்துவிடும். ஹெட்டைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை அத்தனையும் பார்த்து முடித்திருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

*

மலையில் மட்டும் கொதிப்பதற்குக் காரணம் மலையிலேயே இருக்கிறது. ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். குன்னூர் சுமார் 1850 மீட்டர் உயரம். அங்கே திறந்த தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். ஊட்டி 2240 மீட்டர். அங்கே 92, 93. பழைய தெர்மோஸ்டாட் 82 டிகிரி வாக்கில் திறக்க ஆரம்பிக்கும். மூடி சரியாக அடைத்திருந்தால் ஊட்டியிலும் 105 டிகிரி வரை தாங்கும். மூடி அடைக்கவில்லை என்றால் தெர்மோஸ்டாட் திறப்பதற்கும் கொதிப்பதற்கும் நடுவே பத்துப் பதினோரு டிகிரிதான் மிச்சம். இரண்டாவது கியரில், காற்று அதிகம் முகத்தில் அடிக்காத வேகத்தில், முழுப் பாரத்தோடு ஏறும் வண்டி அந்தப் பத்து டிகிரியைச் சீக்கிரம் தின்றுவிடும். சமதரையில் மறைந்து கிடந்த பலவீனம் இங்கே வெளியே வருகிறது.

அதே சரிவில் ஏறுகிற நீலகிரி மலை ரயிலின் நீராவி என்ஜின் ஹில்குரோவில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் மேலே போகிறது. ஆவியை வெளியே விடுவது அதன் தொழில், அதனால் அதற்குத் தண்ணீர் வேண்டும். காருக்கு அந்தத் தேவை இல்லை. ஒரு முறை ஊற்றிய தண்ணீர் வருடம் முழுக்க உள்ளேயே சுற்ற வேண்டும். வழியில் தண்ணீர் கேட்கிற காரிடம் எங்கோ ஒரு திறப்பு இருக்கிறது.

*

பெரியவர் வீட்டு வாசலில், என்ஜின் முழுதும் ஆறிய நிலையில் தொடங்கினோம். கூட இருந்த மெக்கானிக் அண்ணன் டீசல் ஜீப்புகளிலும் அம்பாசடர்களிலும் கைதேர்ந்தவர். அதிகம் பேசமாட்டார். மூடியைத் திறந்தார். சத்தம் இல்லை. தண்ணீர் கழுத்துக்குக் கீழே ஓர் அங்குலம் இறங்கியிருந்தது.

"தெனமும் காலைல கழுத்து வரைக்கும் ஊத்திருவேன் கண்ணு. சாயந்தரம் பாத்தா கொறஞ்சிருக்கும்" என்றார் பெரியவர்.

"அங்கயே நிக்குதுங்களா, இன்னும் எறங்குதுங்களா?"

"அங்கயேதான் நிக்கும்."

"அப்பறம் அது கொறையறதில்லீங்க அய்யா. அது அதோட எடம்."

இந்தப் பேச்சில் பெரிய விஷயம் ஒன்று அடங்கியிருக்கிறது. 25 டிகிரித் தண்ணீர் 95 டிகிரிக்குப் போகும்போது நூற்றுக்கு மூன்றரை பங்குக்குச் சற்று மேலே விரியும். 7 லிட்டர் தண்ணீர் இருந்தால் கால் லிட்டர். பழைய அமைப்பில் வழிகிற தண்ணீரைப் பிடித்துவைக்கத் தனிப் புட்டி கிடையாது. ஒரு மெல்லிய குழாய் தரையைப் பார்த்து நிற்கும். கழுத்து வரை நிரப்பினால் அந்தக் கால் லிட்டர் தரைக்குத்தான் போகும். மறுநாள் ஒழுக்கு என்று நினைத்து மறுபடி நிரப்பினால் மறுபடி போகும். தினமும் புதுத் தண்ணீர் என்றால் தினமும் புது உப்பும் புது ஆக்சிஜனும் உள்ளே போகின்றன. ஒழுகாத வண்டியையும் இந்தப் பழக்கம் சில வருடங்களில் ஒழுக வைத்துவிடும்.

பிற்காலக் கார்களில் உள்ள பிளாஸ்டிக் புட்டியைப் பழைய வண்டியில் மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் பழைய மூடியையே வைத்தால் பலனில்லை. புட்டிக்கான மூடியில் கழுத்தின் மேல் விளிம்பை அடைக்க இன்னொரு ரப்பர் வளையம் இருக்கும். அது இல்லாவிட்டால், ஆறும்போது அமைப்பு புட்டியிலிருந்து தண்ணீரை இழுக்காமல் மேல் விளிம்பு வழியாக வெறும் காற்றை இழுத்துக்கொள்ளும்.

*

மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அடியில் பெரிய ரப்பர் வளையம், நடுவே காசளவு சின்னத் தகடு. பெரியது உள்ளிருக்கும் அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. சின்னது ஆறும்போது எதிர்ப்பக்கம் திறந்து காற்றை உள்ளே விடுகிறது. சின்னத் தகடு துருவில் ஒட்டிக்கொண்டால் ஆறும் என்ஜின் தன்னைத்தானே உறிஞ்சும். மேல் ஹோஸ் இரண்டு பக்கமும் ஒட்டித் தட்டையாகிவிடும். ஆறிய வண்டியில் சப்பிப்போன ஹோஸைப் பார்த்து 'ஹோஸ் போச்சு' என்று மாற்றிவிடுகிறார்கள். புது ஹோஸும் மறுநாள் சப்பும்.

பெரியவரின் மூடியில் சின்னத் தகடு நகத்தால் இழுத்ததும் அசைந்தது. பெரிய ரப்பரில்தான் வட்டமாக ஒரு பள்ளம், ரேடியேட்டர் கழுத்தின் விளிம்பு வருடக்கணக்கில் பதிந்து உண்டான தடம். அந்தத் தடத்தின் ஓரிடத்தில் மயிரிழை அகலத்தில் ஒரு கீறல். ரப்பர் விரலுக்கு இளகவில்லை, காய்ந்திருந்தது. கழுத்தின் உள்விளிம்பிலும் அதே இடத்துக்கு நேராக வெள்ளைப் பொருக்கு.

பிரிட்டிஷ் வழி வந்த பழைய கார்களில் 4 பவுண்டு மூடியும் 7 பவுண்டு மூடியும் உண்டு. பிறகு 10, 13, 15 என்று ஏறியது. உதிரிபாகக் கடையில் கழுத்துக்குப் பொருந்துகிற எதையாவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கொதிக்கிற வண்டிக்குப் பெரிய மூடி போட்டால் சரியாகும் என்ற யோசனையும் உலவுகிறது. 7 பவுண்டுக்கு ஈயம் வைத்த ரேடியேட்டரில் 15 பவுண்டு மூடி போட்டால், அமைப்பில் எது மிகவும் இற்றிருக்கிறதோ அது முதலில் விடும். ரேடியேட்டரின் தையல், ஹோஸ், பிளாக்கின் பக்கவாட்டில் அடைத்திருக்கும் கோர் பிளக் என்று எதுவாகவும் இருக்கலாம்.

*

பிறகு என்ஜினைக் கிளப்பி, அண்ணன் மேல் ஹோஸில் கைவைத்துக்கொண்டு நின்றார். என்னையும் வைக்கச் சொன்னார்.

ஹெட் கேஸ்கெட் சிலிண்டருக்கும் தண்ணீர்ப் பாதைக்கும் நடுவே விட்டிருந்தால், ஹோஸ் குளிர்ந்திருக்கும்போதே விறைக்கத் தொடங்கும். எரியும் நேரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் பத்துப் பத்தாக ஏறி முப்பது நாற்பது மடங்கு காற்றழுத்தத்தைத் தொடும். மூடியின் 7 பவுண்டு அரை மடங்குதான். இவ்வளவு வித்தியாசம் இருக்கையில் மிகச் சிறிய வழி கிடைத்தாலும் வாயு பாய்ந்துவிடும். தெர்மோஸ்டாட் திறக்கும்வரை காத்திருக்காது. ஓரிரு நிமிடங்களில் கை அழுத்தினால் இளகாத அளவுக்கு ஹோஸ் உப்பிவிடும். நல்ல என்ஜினில் அப்படி இல்லை. முதலில் ஹோஸ் தளர்ந்து குளிர்ந்திருக்கும். பிறகு தெர்மோஸ்டாட் திறந்ததும் சூடு ஒரு அலையாக வரும். அதற்குப் பிறகுதான், மெல்ல, விறைப்பு.

இந்த வண்டியில் சூடு வந்தது. விறைப்பு வரவே இல்லை. ஆக்ஸிலரேட்டரைக் கூட்டிப் பார்த்தும், சூடு நன்றாக ஏறிய பிறகும் ஹோஸ் விரலுக்கு அமுங்கியது. கேஸ்கெட் என்று சொன்னவர்கள் சொன்னது உண்மையென்றால் இந்த ஹோஸ் சீக்கிரம் விறைத்திருக்க வேண்டும். இங்கே கோளாறு எதிர்ப்பக்கம் இருந்தது. எனக்கு அந்த வாசலில் பெரிய நிம்மதி. நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே, அது இன்னதல்ல என்று தெரிந்துவிட்டது.

*

கையை நம்பலாம், கருவியும் வேண்டும். பிரஷர் டெஸ்டர் என்பது ஒரு கைப்பம்பும் ஒரு கேஜும்தான். மூடி இருக்கும் இடத்தில் மாட்டி, மூடியில் எழுதியுள்ள அளவுக்குக் காற்றடித்து, சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருத்தல்தான் பட்டறைகளில் நடப்பதில்லை. பம்ப் அடித்ததும் முள்ளைப் பார்த்துவிட்டுக் கழற்றிவிடுகிறார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். முள் சட்டென்று விழுந்தால் ஒழுக்கு பெரியது, ஈரம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அசையாமல் நின்றால் அமைப்பு இறுக்கமாக இருக்கிறது, மூடிதான் குற்றவாளி. மெல்ல மெல்ல இறங்கி, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால்தான் கவலை. தண்ணீர் உள்ளே போகிறதாக இருக்கலாம்.

உள்ளே போகிறதா என்று பார்க்கவும் பொறுமையான வழிகள் உண்டு. அழுத்தத்தை அப்படியே விட்டு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பிளக் துளையில் தண்ணீர் தூறும். பிளக்குகளையே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மூன்று பிளக் பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் வெளுத்துச் சுத்தமாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் ஆவி புகுந்து கழுவியிருக்கிறது. கேஸ்கெட் கசிவுக்கு இரண்டு திசை உண்டு என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். ஓடும்போது வாயு தண்ணீருக்குள் போகும். நிறுத்தியதும், ரேடியேட்டரில் தேங்கிய அழுத்தம் தண்ணீரைச் சிலிண்டருக்குள் தள்ளும். அதனால்தான் அப்படிப்பட்ட வண்டி காலையில் கிளப்பியதும் ஒரு சிலிண்டர் அடிக்காமல் திணறி, சைலன்சரில் வெள்ளைப் புகை விட்டு, பிறகு சரியாகிவிடுகிறது.

நீலத் திரவச் சோதனை இன்னும் தெளிவானது. புரோமோதைமால் நீலம் கலந்த கரைசலை ஒரு கண்ணாடிக் குழலில் ஊற்றி, ரேடியேட்டர் கழுத்தில் வைத்து, தண்ணீருக்கு மேலே உள்ள காற்றை அதன் வழியாக உறிஞ்ச வேண்டும். எரிந்த வாயுவின் கார்பன் டை ஆக்சைடு இருந்தால் நீலம் மஞ்சளாகும். தண்ணீரை மட்டும் உறிஞ்சிவிடக் கூடாது. குழலும் கரைசலும் இல்லாத ஊரில், ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, மூடி இல்லாமல் கொஞ்ச நேரம் மட்டும் என்ஜினை ஓட்டிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். விடாமல் குமிழி வந்தால், ஒவ்வொரு பிளக் வயராக எடுத்து எந்தச் சிலிண்டர் நின்றதும் குமிழி குறைகிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆயில் மூடியின் அடியில் வெளிறிய நுரை இருந்தால் கேஸ்கெட்தான் என்று தீர்ப்பு எழுதிவிடுவதும் சரியில்லை. மழைக்காலத்தில் கடைத்தெரு வரை மட்டும் போய்வருகிற வண்டியில் ஈரம் வியர்த்தும் அந்த நுரை வரும். நெடுந்தூரம் ஓட்டினால் போய்விடும்.

பெரியவரின் வண்டியில் நீலம் நீலமாகவே இருந்தது. டெஸ்டர் முள் 7இலிருந்து மெல்ல இறங்கி 4க்கு வந்தது. மூடியைத் தனியாகச் சோதித்தபோது அது 2 பவுண்டைக்கூடப் பிடிக்கவில்லை. ஆக, இரண்டு இடத்தில் கசிவு. ஒன்று தெரிந்துவிட்டது.

*

இரண்டாவதைக் கண்டுபிடிக்க நேரமாயிற்று. அண்ணன் டார்ச்சை அடித்து, கண்ணாடித் துண்டைப் பின்னால் பிடித்து, ரேடியேட்டர் மேல்தொட்டியின் தையலை ஓர் ஓரத்திலிருந்து தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கடுகளவு வெள்ளையும் பச்சையும் கலந்த பொருக்கு. ஈரம் இல்லை. ஓடும்போது அங்கே கசிகிற தண்ணீர் சூட்டிலேயே ஆவியாகிவிடும், சொட்டு விழாது. உப்பு மட்டும் மிஞ்சும். தரையில் ஈரத்தைத் தேடுகிறவர்களுக்கு இந்தக் கசிவு அகப்படாது.

ரேடியேட்டர் பட்டறைக்குக் கொண்டுபோனோம். எனக்கு அந்தப் பட்டறைகள் மீது மரியாதை உண்டு. ஊருக்கு ஊர் பஸ் நிலையத்துக்குப் பின்னாலோ லாரி பேட்டைப் பக்கத்திலோ இருந்தவை, அலுமினியமும் பிளாஸ்டிக்கும் வந்த பிறகு குறைந்துகொண்டே வருகின்றன. பிளாஸ்டிக் தொட்டி விட்டால் தூக்கிப் போடுவதுதான். செம்பும் பித்தளையும் என்றால் பிரித்துச் சேர்க்கலாம். அங்கே இருந்தவர் ரேடியேட்டரின் மேல் வாயையும் கீழ் வாயையும் ரப்பர் அடைப்பால் மூடி, ஒரு குழாய் வழியாகக் காற்றை விட்டு, சிமெண்டுத் தொட்டித் தண்ணீரில் முக்கினார். எல்லாக் குமிழியும் அடங்கும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கியதும் எழும் குமிழிகள் துடுப்புகளுக்கு இடையே சிக்கிய காற்று. அவை நின்ற பிறகு வருவதே கணக்கு. எல்லாம் அடங்கிய பிறகு, அந்தப் பொருக்கு இருந்த இடத்திலிருந்து ஒரு சன்னமான குமிழிச் சரம் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது. சாக்பீஸால் கோடு போட்டார். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்து, கீழ்த்தொட்டியின் மூலையில் இன்னொரு கோடும் போட்டார். அதை நாங்கள் பார்த்திருக்கவில்லை.

மேல்தொட்டியைப் பிரித்ததும் உள்ளே குழாய் வாய்களில் கால்வாசி உப்பால் அடைபட்டிருந்தது தெரிந்தது. நீண்ட மெல்லிய பட்டைக் கம்பியை ஒவ்வொரு வாயிலும் விட்டு இழுத்துச் சுத்தம் செய்தார். இந்தக் குழாய்களும் துடுப்புகளும் வருவதற்கு முன் கார்கள் தண்ணீரை ஆவியாக்கி இழந்துகொண்டேதான் ஓடின. 1900இல் வில்ஹெல்ம் மைபாக் மெர்சிடிஸ் காருக்காகச் செய்த தேன்கூட்டு ரேடியேட்டர் அந்த நிலையை மாற்றியது. ஆயிரக்கணக்கான சின்னக் குழாய்களை ஈயம் வைத்துச் சேர்த்த வேலை அது. பற்றவைக்கும் இரும்பைக் கையில் பிடித்துத் தையலில் ஈயத்தை ஓடவிடும் அந்தப் பட்டறைக்காரரின் வேலையும் அதே மரபுதான்.

*

ரேடியேட்டர் அங்கே இருக்கையில், அண்ணன் பிளாக்கின் பின்பக்கத்து வடிகுழாயைத் திறந்தார். ஒரு சொட்டும் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினார். கொஞ்சம் கொஞ்சமாகச் செம்மண் நிறத்தில் குழம்பு இறங்கியது, பிறகு துருச் செதில்கள், கடைசியாகத் தண்ணீர். வார்ப்பிரும்பு பிளாக்கில் துருவும் வண்டலும் கடைசிச் சிலிண்டரைச் சுற்றித்தான் சேரும். தண்ணீர் பம்ப் முன்னால் இருக்கிறது, ஓட்டம் பின்னால் போகப் போக மந்தமாகிவிடும். அங்கே வண்டல் நிரம்பினால் அந்தச் சிலிண்டர் தண்ணீரையே பார்ப்பதில்லை. எந்த மூடி போட்டாலும் அந்த இடம் ஆறாது.

இது தண்ணீரின் வேலை. சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டிலும் வண்டிக்கு மட்டும் போர்வெல் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறோம். குடிக்க லாயக்கில்லாததை இரும்புக்கு ஊற்றலாம் என்ற நினைப்பு எப்படி வந்ததோ தெரியவில்லை. இரும்பு நம்மைவிடச் சீக்கிரம் நோகும்.

தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய வீட்டில் ஒன்றும் இல்லை. கொதிக்கிற வண்டியில் முதலில் அதைக் கழற்றி எறிவது நம் ஊர் வழக்கம். வெயில் ஊருக்கு அது வேண்டாம் என்பார்கள். வேண்டும். அது இல்லாமல் சமதரையில் என்ஜின் தன் சூட்டுக்கு வரவே நேரமாகும். சூடு வராத என்ஜினில் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் படிந்து ஆயிலைக் கழுவும், தேய்மானம் கூடும். பழைய வகைத் தெர்மோஸ்டாட்டில் ஒரு பித்தளைத் துருத்தி இருந்தது. அது சூட்டுக்கு மட்டுமின்றி அழுத்தத்துக்கும் அசைந்துகொடுத்ததால், அழுத்தம் ஏற்றிய அமைப்புக்கு ஒத்துவரவில்லை. 1930களில் செர்ஜியஸ் வெர்னெட் மெழுகு உருகி விரிவதை வைத்துச் செய்த வகை அழுத்தத்தைப் பொருட்படுத்தாது. இன்று கடையில் கிடைப்பது அந்த மெழுகு வகைதான். 82 டிகிரியில் திறக்கும் ஒன்றை வாங்கி, பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டு, திறக்கிறதா என்று பார்த்த பிறகே மாட்டினோம்.

*

சூட்டில் மூடி திறப்பதைப் பற்றி ஒன்று எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் மலைப்பாதையில் இன்றும் பார்க்கிறேன். 110 டிகிரியில் அழுத்தத்தால் தண்ணீராக நிற்கிற 7 லிட்டர், மூடி திறந்த அந்தக் கணத்தில் 100 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். இறங்குவதற்கு அதில் நூறு மில்லிக்கு மேல் உடனே ஆவியாகும். அந்த நூறு மில்லி ஆவியானால் 160 லிட்டர் இடம் கேட்கும். அது போக வழி, திறந்தவரின் கையும் முகமும் இருக்கும் அந்தக் கழுத்து ஒன்றுதான். மீதித் தண்ணீரையும் சேர்த்தே தள்ளிக்கொண்டு வரும். துணி போட்டுத் திறந்தால் போதும் என்பது தவறான தைரியம். ஹோஸ் கைக்கு இளகும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் முதல் பள்ளம் வரை மட்டும் திருகி, மிச்சத்தைக் குழாய் வழியே போகவிட்டுத்தான் அமுக்கி எடுக்க வேண்டும்.

கேஜ் முள் இறங்கிவிட்டது என்று நம்பியும் திறக்கக் கூடாது. தண்ணீர் போய்விட்டால் சென்சார் காய்ந்துவிடும். தொட்டுச் சொல்லத் தண்ணீர் இல்லாமல் முள் கீழே விழும். கொதித்துக்கொண்டிருந்த வண்டியின் முள் திடீரென்று இறங்குவதைப் போல ஆபத்தான நல்ல செய்தி வேறில்லை.

*

ரேடியேட்டர் திரும்பி வந்தது. புது 7 பவுண்டு மூடி. டெஸ்டரை மாட்டி, 7க்கு ஏற்றி, பெரியவர் வீட்டில் காபி குடித்துவிட்டு வந்து பார்த்தோம். முள் அங்கேயே நின்றது. என்ஜினைக் கிளப்பி டெஸ்டரோடு கொஞ்ச நேரம் விட்டார் அண்ணன். கேஸ்கெட்டில் கசிவு இருந்திருந்தால் ஒவ்வொரு எரிப்புக்கும் முள் துடித்திருக்கும். துடிக்கவில்லை.

"இன்னுங் கொஞ்சம் பெரிய மூடியா போட்டா மலைக்குத் தைரியமா இருக்குமே?" என்றார் பெரியவர்.

"வேண்டாமுங்க அய்யா. ஏழே போதும். ஏழ அது உட்டுராம புடிச்சுக்கிட்டாச் செரி."

டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றினோம். பச்சை நிறத்துப் பழைய வகைக் கூலன்ட். ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாக இப்போது வருகிற நீண்டகால வகைகள் அலுமினியத்துக்காக உருவானவை. செம்பு, பித்தளை, ஈயம் சேர்ந்த ரேடியேட்டருக்குப் பழைய வகையே நல்லது என்று அண்ணன் சொன்னதில் எனக்கும் முழுச் சம்மதம். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அதில் உள்ள துரு தடுக்கும் மருந்து தீர்ந்துபோகும், நிறம் மட்டும் அப்படியே இருக்கும். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. கழுத்துக்குக் கீழே ஓர் அங்குலம் விட்டு நிறுத்தினோம்.

குன்னூர் ஏறினோம். பர்லியாறு தாண்டி, வெலிங்டன் போகும் பிரிவு வரை முள் நடுவைவிட்டு அதிகம் ஏறவில்லை. அங்கே நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, ஹோஸைப் பிடித்துப் பார்த்தேன். சூட்டோடு விறைத்திருந்தது.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சின்னத் துளையில் ஈரக்கறை தெரிகிறது. இத்தனை வருடம் அழுத்தமே இல்லாமல் ஓடிப் பழகிய சீல், இப்போது 7 பவுண்டைப் பார்த்ததும் தன் வயதைக் காட்டுகிறது. ஷாஃப்ட்டை மேலும் கீழும் அசைத்துப் பார்த்ததில் ஆட்டம் இல்லை, பேரிங் நன்றாகத்தான் இருக்கிறது. பம்பைக் கழற்றி சீல் மட்டும் மாற்றினால் போதும். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் செய்துவிடலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அதுவரை மலைக்குப் போனால் வாரம் ஒரு முறை அளவைப் பார்க்கச் சொல்லி, பெரியவரிடம் மிச்சக் கூலன்ட்டைக் கொடுத்திருக்கிறோம்.